ஹாப்பர் எங்க வெக்கணும்?

“அப்பா, இந்தத் தடவை ஒரு கரும்புகூட வீணாப் போவல. எல்லாம் பெட்டிக்கு வந்துடுச்சு.”

திரையில் சினேகா என்ற பெயருக்குப் பக்கத்தில் அந்த வரி விழுந்தது. அதை டைப் அடித்த உண்ணாமலைக்கு வயது முப்பத்தெட்டு. சினேகாவின் அம்மா.

வேங்கிக்காலில் வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மட்டும் மெஷினை மூடிவிட்டு, மகள் கேம் ஆடுகிற டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மஸ்கட்டில் இருக்கும் அவள் புருஷன் சகாதேவனுக்கு அன்றுதான் லீவு.

புருஷனும் பெண்டாட்டியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. அவன் மஸ்கட் கிளம்பிய அன்று போட்ட சண்டைதான் கடைசிப் பேச்சு. அவன் தயவே வேண்டாம் என்று தையலிலேயே குடும்பத்தை ஓட்டினாள் உண்ணாமலை.

மகளோடு மட்டும் அவன் தொடர்பை விடவில்லை. கட்டை கட்டையாக அடுக்கி வீடும் வயலும் கட்டுகிற அந்த கேமை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அப்பாவும் பெண்ணும் அதில் சேர்ந்து ஆடுவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் சினேகா டேப்பை ஓரமாக வைத்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று முடிந்திருந்தது.

“போர் அடிக்குதும்மா. அப்பா முன்ன மாதிரி இல்ல. நான் வரலன்னு நீயே சொல்லிடு.”

உண்ணாமலையால் சொல்ல முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை “பாப்பா, வந்துட்டியா?” என்று திரையில் வந்தபோது, “வந்துட்டேன்பா” என்று அவளே அடித்தாள். ரூமில் ஆட்கள் தூங்குகிறார்கள், டைப் பண்ணியே பேசலாம் என்று அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தது வசதியாகப் போயிற்று.

“வெட்டுன கரும்பு தானா பெட்டிக்குப் போவணும்னா ஹாப்பர் எங்க வெக்கணும் பாப்பா? மறந்துட்டேன்.”

அவளுக்கு ஹாப்பர் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த வாரம் முழுக்க ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டே வீடியோ பார்த்தாள். அது ஒரு புனல். கரும்பு தண்ணீரில் மிதந்து வந்து விழுகிற இடத்தில் வைத்தால், பிடித்துக் கீழே உள்ள பெட்டிக்குள் இறக்கிவிடும். தெரிந்தே கேட்கிறான், மகள் பெருமைப்படட்டும் என்று. அப்படி நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பிறகு பூசணிக்கு ஒரு வயல், முட்டைக்குக் கோழிக் கொட்டகை. எல்லாம் ஒரே வாய்க்காலில் வந்து, அதது அதனதன் பெட்டியில் பிரிந்து விழ வேண்டும். ஒரு தடவை முட்டைப் பெட்டி முழுக்கப் பூசணியாக நிறைந்துவிட்டது. ஒவ்வொரு ஹாப்பராகக் கழற்றிப் பார்த்து அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. வீட்டில் ஒரு பல்பு மாட்டுவதற்குள் நாலு பேரைத் திட்டுகிற மனுஷன், “பரவால்ல பாப்பா, மறுபடி பாக்கலாம்” என்றான்.

ஒருநாள் பேச்சுக்கு நடுவில், அம்மாவுக்கு முதுகுவலி ஜாஸ்தியாக இருக்கிறது என்று அடித்தாள். மறுவாரம் வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “அம்மாவுக்கு வலி கம்மியாச்சா?”

உண்ணாமலை டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள். பன்னிரண்டு வருடம் கூட இருந்தபோது ஒருநாளும் அவன் அப்படிக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தலைவாரிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டாலும் வாரிக்கொண்டாள்.

இன்று கடைசிப் பெட்டியும் முடிந்தது.

“இனிமே நாம கையே வெக்க வேணாம் பாப்பா. எல்லாம் தானா சேர்ந்துடும்” என்று வந்தது.

பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஆள் ஏற்றி வந்த பஸ்கள் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உண்ணாமலை எழுந்து கதவைச் சாத்தினாள். டேப்பின் மூலையில் இருந்த மைக் பொத்தானை முதல்முறையாக அழுத்தினாள்.

“நான் உண்ணாமலை பேசுறேங்க. எட்டு மாசமா உங்ககூட ஆடுனது பாப்பா இல்ல, நான்தான். ஏமாத்தணும்னு செய்யல. நீங்க இவ்ளோ மாறியிருப்பீங்கன்னு நான் நெனைக்கல. பழசெல்லாம் போவட்டும். கிளம்பி வந்துடுங்க.”

திரையில் அவனுடைய உருவம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. டேப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. இளம் குரல். அவள் கேட்டே இராத குரல்.

“அக்கா, நான் வல்லரசு. கீழ்பென்னாத்தூர். அவரோட ஒரே ரூம்ல இருந்தவன்.”

“அவரக் கூப்பிடுப்பா.”

“பாப்பா ஏங்கிப்போவும், நீ ஆடிக்கோன்னு இந்த கேம் ஐடிய எங்கிட்ட குடுத்துட்டு, அவரு வேற பொண்ணுகூட போயிட்டாருக்கா.”

உண்ணாமலை தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப?”

“ஒரு வருஷம் ஆவுதுக்கா.”