ராங்கியின் பெட்டி

காலை வெயிலில் அக்கா தேனடைச் சட்டத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறாள். நேற்று இதே நேரம் இரண்டு பெட்டியிலும் மூடிய அறைகளில் நூறு நூறைக் குண்டூசியால் குத்தி உள்ளிருந்த புழுக்களைக் கொன்றது அவள்தான். செத்ததை மோப்பம் பிடித்து இழுத்துப் போடுகிற தேனீக்கள், புழுவை உறிஞ்சும் உண்ணியையும் விட்டுவைக்காது. அப்படிச் சுத்தம் செய்கிற பெட்டியின் ராணி வம்சத்தைத்தான் இனி வளர்க்க வேண்டும். பக்கத்துப் பெட்டி செல்லம். கையுறை இல்லாமலே திறக்கலாம், தேனும் குடம் குடமாய் வரும். ஆனால் அதில் குத்திய நூறில் அறுபது பிணம் அப்படியே கிடக்கிறது. அக்கா கையில் இருப்பது ராங்கிப் பெட்டியின் சட்டம். நூறு அறையும் கழுவிவிட்ட மாதிரி பளபளக்கிறது. புகையடிக்கும் தம்பிக்கு ராங்கி கொட்டி இடது கண் வீங்கி மூடியேவிட்டது. அவன் சட்டைப்பையில் உண்ணி மருந்துப் பொட்டலம் பிரிக்காமல் துருத்திக்கொண்டிருக்கிறது. போன வருஷம் மருந்து வைக்காமல் பன்னிரண்டில் ஒன்பது பெட்டி காலியானதை அவன் மறக்கவில்லை.

"செல்லத்தையே வச்சுக்கலாமேக்கா. உண்ணி வந்தா மருந்த வச்சுட்டாப் போச்சு."

அக்கா சட்டத்தை இறக்கிவிட்டு, ராங்கியின் மூடிமேல் சாக்பீஸால் 'தாய்' என்று எழுதுகிறாள்.

"இது வயித்துல பொறக்கிறதும் இப்படித்தான் கொட்டுமா?"

"கொட்டும்," என்கிறாள், அவன் காதோரம் நிற்கும் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தபடி. "கொட்டுறதுக்கு உயிரோட இருக்கும்ல."