இரண்டு கரண்டி

காலையில் வேலைக்கு வந்த சமையல்காரியின் பையிலிருந்து வாசல் காவலாளி ஒரு கரண்டியை உருவி எடுத்தார். காம்பில் தொழிற்சாலையின் முத்திரை இருந்தது.

"என்னக்கா, இது நம்ம கேன்டீன் கரண்டியாச்சே?"

"ஆமா. பழைய இரும்புக்குப் போட்ட சாமான்ல கிடந்துச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்."

"இன்னிக்கு விசாரணை. முதலாளியே வர்றாரு. இந்த நேரத்துல இது தேவையா?"

"இன்னிக்குத்தான் தேவை."

காலைச் சங்கு ஊதியது. காவலாளி யோசித்தார். "வெளியே போறதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். உள்ளே வர்றதுக்குச் சட்டம் இல்ல. போங்க."

அந்த மாதம் தையல் பிரிவில் நான்கு பெண்கள் மயங்கி விழுந்திருந்தார்கள். நான்காமவளின் விரலில் ஊசி இறங்கிய அன்று, சாப்பாடு பத்தவில்லை என்று முதலாளிக்கு மனு போனது. எழுத வைத்தவள் சமையல்காரி. இன்று மனு பொய்யென்று ஆனால், நாளை அவளுக்கு வேலை இல்லை.

மேனேஜர் அடுப்படிக்கே வந்தார். "தெரியாம எழுதிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இங்கேயே இருக்கலாம்."

"தெரிஞ்சுதான் சார் எழுதினோம்."

மதியம் முதலாளி சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மேனேஜர் சுவரிலிருந்த சார்ட்டை விரலால் தட்டினார்.

"நிபுணர் போட்டுக் கொடுத்தது சார். ஒரு சாப்பாட்டுக்கு எண்ணூறு கலோரி. சோறு மூணு கரண்டி, அது உடம்புக்கு எரிபொருள். பருப்பு ரெண்டு கரண்டி, ஒரு முட்டை, அது புரதம். கீரை ஒரு கரண்டி, அது இரும்புச்சத்து. நான் வந்தப்புறம் பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் புதுசாக்கினேன். சார்ட்ல மட்டும் ஒரு எழுத்தைத் தொடல."

"அப்புறம் ஏன் மயக்கம்?"

"ஒல்லியாகணும்னு காலையில பட்டினி கிடக்குதுங்க சார். பழி நம்ம மேல."

"எங்களைப் பார்த்தா இன்னும் இளைக்க இடமிருக்கிற மாதிரியா தெரியுது?" என்றது வரிசையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்து அடங்கியது.

முதலாளி சமையல்காரியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"கலோரி எனக்குத் தெரியாதுங்க. மூணு மணிக்கு மிஷின் மேல தலை சாயுது, அது தெரியும். சார்ட் படியே உங்களுக்குப் போடறேன். சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

போட்டாள். மேனேஜர் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். அவர் கண்கள் சார்ட்டுக்கும் முதலாளியின் முகத்துக்குமாக அலைந்தன.

கடைசிப் பிடியை உருட்டும்போது முதலாளிக்கு மூச்சு வாங்கியது. தட்டை நகர்த்தினார்.

"சட்டியிலயும் இருக்கு, அகப்பையிலயும் வருது. இதைத் தின்னுட்டு எவளும் மயங்க மாட்டா. தூங்கத்தான் செய்வா. மனு பொய்."

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார் மேனேஜர்.

அவள் ஏப்ரனை அவிழ்க்கவில்லை. "வயிறு நிறைஞ்சுதுன்னு ஐயா இன்னொரு தடவை சொல்லுங்க. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"நிறைஞ்சுது. அதுக்கென்ன இப்போ?"

கொக்கியில் பளபளவென்று தொங்கிய புதுக் கரண்டியை அவள் எடுத்தாள். முதலாளிக்குப் பரிமாறிய பழைய கரண்டியின் குழிக்குள் அதை வைத்தாள். மடியில் பிள்ளையைப் போல அது உள்ளே உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரு விரல் இடம் மிச்சமிருந்தது.

"சார்ட் மாறலைங்க. கரண்டிதான் மாறிச்சு."