வடியாத வெள்ளம்

பாலேஸ்வரி ஏழாவது தடவையாக வாகரைக் கரையோர வேடர் கிராமத்தைக் கணினியில் மூழ்கடித்தாள். இரண்டே நாளில் வெள்ளம் கடலுக்கு வடிந்தது. நோயைக் காட்டும் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட வரவில்லை.

ஆனால், உண்மையில் வெள்ளம் வந்து பத்து நாளாகியும் அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை என்று மருத்துவத்தாதி கடிதம் போட்டிருந்தார்.

"எங்கையோ பிழை விட்டிட்டன்."

"முதல்ல அதை மூடும். செக்கிங் வந்திட்டாங்கள்," என்றார் கணவர் வரதராசா.

மூடுவதற்குள் பொலிஸ் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். "வெள்ளவத்தையில இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் வாகரை மெப்?" என்று திரையிலிருந்த வரைபடத்தைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

வெள்ளத்தால் நோய் பரவுவதைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லி, வெள்ளத்தை மறுபடி ஓடவிட்டுக் காட்டினாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "பிழை, மிஸ். தண்ணி இந்தப் பக்கத்தால போகாது. இதில மண் அணை இருக்கு. அங்க டியூட்டில இருக்கேக்க, எங்கட கேம்புக்குள்ள வெள்ளம் வராமல் நான்தான் நிண்டு கட்டுவிச்சன்."

வாசலில் திரும்பினார். "அதைக் கீறிப்போடாதீங்க. கேம்ப் மெப் வச்சிருந்தா உங்களைக் கொண்டுபோக வேண்டி வரும்."

அவர் படியிறங்கியதும் பாலேஸ்வரி வரைபடத்தில் அணையைக் கீறி ஓடவிட்டாள். பத்தாம் நாளும் கிராமம் சிவப்பாகவே கிடந்தது.

அணையை அழித்தாள். அறிக்கையின் கடைசி வரியை எழுதினாள்: 'வெள்ளம் வடியாததற்கான காரணம் கண்டறியப்படவில்லை.'