தலை இடிக்கக் கூடாது

'மார்ச் 14. இன்று ஒரு தவறு. மூன்று கார்களை ஓட்டிப் பார்த்தேன், ஏறப்போகிறவரைக் கூட்டிப்போகவில்லை.'

மலேசியாவின் கோத்தா பாரு நகரில், நஸ்ருல் தன் மாலை வகுப்பு நோட்டில் எழுதினான்.

மதியம், கார் விற்கும் மஸ்னாவிடம் புலம்பியிருந்தான்.

"அக்கா, முதல் ஆட்டோமேட்டிக், கியர் மாறும்போது குலுங்குது. ரெண்டாவது வெண்ணெய் மாதிரி போகுது, ஆனா கூரை தாழ்வு. மூணாவதுல ரெண்டுமே சுமார்."

"கூரை தாழ்வுன்னா குனிஞ்சுக்கட்டுமே!"

"ஐயோ! குலுங்கினாலோ தலை இடிச்சாலோ ரெண்டு நாள் வாயே திறக்கமாட்டாரு. வெள்ளிக்கிழமை பாட்டுப் போட்டி இருக்கு, அக்கா!"

"உங்கப்பா பாடுவாரா?"

"அப்பாவே அவருக்குத்தான் முதல்ல சாப்பாடு வைப்பாரு."

மஸ்னா வாயைப் பிளந்தாள்.

நஸ்ருல் கடைசி வரியை எழுதினான்:

'நாளைய வேலை: போட்டியில் பாடப்போகும் அப்பாவின் புறாவைக் கூண்டோடு மூன்று கார்களிலும் தொங்கவிட்டு ஓட்ட வேண்டும். எதில் பாடுகிறாரோ, அதையே வாங்க வேண்டும்.'