பின்னறைக் கதவு

தம்பி மடியில் வைத்திருந்த துணிப்பைக்குள் இரும்பு இடிபட்டது. அந்தச் சத்தம் கேட்டதுமே அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பூட்டைத்தான் கொண்டு வந்திருக்கிறான், சந்தேகமே இல்லை.

நூலகத்துக்கு அன்று வார விடுமுறை. வாசிப்பு அறையில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டு, ஆட்டிசப் பெருமை நாளைக் கொண்டாட இருபது பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களில் பலருக்குச் சத்தம் ஆகாது என்பதால் பாட்டு கிடையாது, மைக் கிடையாது. கைதட்டுவதற்குப் பதில் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினால் போதும்.

சட்டையில் பச்சை அட்டை குத்தியவரிடம் பேசலாம். சிவப்பு அட்டைக்காரரை அவர்பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். தம்பி சிவப்பு குத்தியிருந்தான்.

"பரீட்சை ஹால் மாதிரி இருக்கு," என்று கணவன் அவள் காதோரம் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நல்லாத்தான் இருக்கு. எங்க ஆபீஸ் மீட்டிங்கையும் இப்படி வச்சா புண்ணியமாப் போகும்," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை என்ற சொல்லே பதினாறு வருஷமாக அவளுக்கு நெஞ்சில் முள்.

அவளுக்குக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் பதினாறு பேர் முதன்முதலாக அவள் அம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்த நாள் அது. நாலு பேர் சேர்ந்து பேசினாலே தம்பி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். அதைப் பார்த்துவிட்டு இந்தச் சம்பந்தமே தட்டிப்போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

அம்மா தயங்கத்தான் செய்தாள். இவள்தான் பின்னறையில் சாப்பாட்டையும் தண்ணீரையும் வைத்து, தம்பியை உள்ளே அனுப்பி, வெளியே பூட்டினாள். தம்பி பரீட்சை எழுத வெளியூர் போயிருக்கிறான் என்று வந்தவர்களிடம் கூசாமல் சொன்னதும் இவள்தான்.

நாலு மணி நேரம் கழித்துப் பூட்டைத் திறந்தபோது கதவு அசைந்து கொடுக்கவில்லை. மழைக்கு மரம் ஊறிவிட்டது என்று நினைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே இரண்டு முறை முட்டித் தள்ளினாள். கொஞ்சம் பொறுத்துத்தான் திறந்தது. தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

அந்த முதுகை அவள் இன்றுவரை மறக்கவில்லை. தன் வீடு கட்டியபோது தம்பிக்கென்று ஓர் அறை ஒதுக்கி, அதன் கதவில் பூட்டு, கொண்டி, தாழ்ப்பாள் எதுவுமே கூடாது என்று தச்சரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். தம்பி வந்து பார்த்தான், காப்பி குடித்தான், கிளம்பினான். அந்த அறையில் அவன் ஒருநாள்கூடத் தங்கியதில்லை. இன்னும் மன்னிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

கணவனுக்கோ எதுவும் தெரியாது. "எல்லாம் சரி, மச்சான் எழுதின அந்தப் பரீட்சை ரிசல்ட்டை மட்டும் இன்னும் சொல்லலையே," என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேலி செய்வான். அவளும் சிரித்து மழுப்புவாள்.

போன மாதம் பழைய வீட்டை இடிக்கக் கொடுத்தார்கள். உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி, அரை நாள் லீவு போட்டு, திருப்புளியோடு போய் எதையோ கழற்றி வந்தான் என்று அம்மா சொன்னாள். எதை என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது ஒவ்வொருவராகத் தங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு பொருளை மேசைமேல் வைத்தார்கள். அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. ஒரு தையல்காரி, சட்டைக் காலரில் குத்தும் துணிச்சீட்டுகளை வெட்டி வெட்டி நிரப்பிய பாட்டிலை வைத்தாள். ஹோட்டல் சமையல்காரர் காதடைப்பானை வைத்து, "மிக்ஸியைக் கண்டுபிடிச்சவன் என் கண்ணுல படாம இருந்தா அவனுக்கு நல்லது," என்றார். இருபது ஜோடிக் கைகள் காற்றில் ஆடின.

அடுத்தது தம்பி. அவள் சிவப்பு அட்டையையும் மீறிக் குனிந்தாள்.

"அதை வெளிய எடுக்காதடா. மாமாவுக்குத் தெரியாது."

"தெரியணும்," என்றான் தம்பி, பையைப் பார்த்தபடியே.

"நான் செஞ்சது தப்புதான். வீட்டுல வச்சு என்னை என்ன வேணும்னாலும் கேளு. இங்க வேண்டாம்."

அவன் எழுந்து போனான். கணவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்து, என்ன விஷயம் என்று புருவத்தால் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேசைமேல் இரும்பு வைக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள்.

அது பூட்டு இல்லை. கதவின் உள்பக்கம் இருக்கும் தாழ்ப்பாள். பக்கத்தில், சின்னக் கவரில் போட்டு மேலே எண்ணிக்கை எழுதிய நாலு திருகாணிகள்.

தம்பி அதை ஒரு முறை இழுத்துவிட்டுப் பார்த்தான். பிறகு, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாளைப் பற்றி வாய் திறந்தான்.

"அக்கா வெளியே பூட்டுறதுக்கு முன்னாடியே, நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டேன்."