மூன்று முறை அழிந்த குறி

"எத்தனை தடவை சொல்றது? தேய்ச்சுக் குளிக்காதீங்க!" சைகோன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எரிந்து விழுந்தாள். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க, எழுபத்தாறு வயது ஏகப்பனின் நெஞ்சில் மையால் போட்ட கூட்டல் குறி மூன்றாவது முறையாக அழிந்திருந்தது.

"நான் தொடவே இல்லம்மா!"

புதுக் குறியோடு, எரிச்சலோடு வீட்டுக்கு வந்து படுத்தார். நெஞ்சில் ஈரம் பட்டு விழித்தார். மனைவி வெள்ளையம்மை சோப்புத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முருகன் கோயில் சாவி வச்சிருக்கிற மனுசன்! தினமும் அந்த மாதாகோயில் கப்ரியேலோட பைக்குல எங்க போறீகன்னு இப்பத்தானே தெரியுது! அழிக்க அழிக்க நெஞ்சுல சிலுவை போட்டு அனுப்புறாக! கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டீகளா?"

அவளிடம் இத்தனை நாள் மறைத்த வியாதியின் பெயர் தொண்டைவரை வந்தது. வலியோடு விழுங்கினார்.

"ஆமா, சேந்துட்டேன். இனிமே அழிக்காதே."