முதல் மேய்ச்சல்

“கள்ளத்தனமாப் புண்ணாக்கு குடுக்கிறாள். இல்லாட்டி எப்படி நிறை ஏறும்?” என்றபடி ரிஃப்கா தகரப் படலையைப் படாரென்று சாத்தினாள்.

வலையில் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த கணவன் நூஹு நிமிர்ந்தான். “யாரு, கமீலாவா?”

“வேற யாரு? இண்டைக்குத் தராசில நிறுத்தாங்க. அவள்ட குட்டி மூணும் போன மாசத்தைவிட ரெண்டரைக் கிலோ கூட. நம்மட குட்டி ஒரு கிலோவும் ஏறல்ல. கடைக்குப் போனா அங்கயும் கமீலாட குட்டிக் கதைதான்.”

பள்ளிவாசல்துறையில் இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள். கால்நடைக் காரியாலயம் நவம்பரில் ஆளுக்கு மூன்று செம்மறிக் குட்டிகளைக் கொடுத்திருந்தது. வாங்கிய தீனி எதுவும் கூடாது. கடலேரிக் களப்போரத்துப் புல் மட்டும்தான். நான்கு மாதத்தில் யாருடைய குட்டிகள் கூடுதலாக வளர்கின்றனவோ, அவர்களுக்கு ஒரு நல்ல சாதிக் கிடா கிடைக்கும். இன்னும் ஒரு நிறுவைதான் பாக்கி. கிடாவுக்கென்று ரிஃப்கா தனிக் கொட்டிலே போட்டு வைத்திருந்தாள்.

“ரெண்டு பேரும் மேய்க்கிறது ஒரே புல்லுத்தானே?” என்றான் நூஹு.

“ஒரே புல்லா? நான் சுபஹு தொழுத கையோட பத்திட்டுப் போறேன். பனி சொட்டச் சொட்ட இருக்கிற கொழுந்து முழுக்க என்ட குட்டிக்குத்தான். நான் திரும்பின பிறகுதான் நீ இறங்கணும் எண்டு முதல் நாளே அவளோட சண்டை பிடிச்சிட்டேன். பத்து மணி வெயில்ல வந்து மிச்சத்தைப் பொறுக்குது அவள்ட குட்டி. மிச்சத்தைத் திண்டா ரெண்டரைக் கிலோ ஏறும்?”

“அவள் ஒண்டும் சொல்லல்லையா?”

“‘சரி ராத்தா’ எண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

“புண்ணாக்கு குடுத்ததைக் கண்ணால கண்டியா?”

“ரெண்டு நாள் வேலி ஓட்டையால பார்த்தேன். தண்ணி மட்டும்தான் வெச்சாள்.”

“அப்ப?”

“நான் பார்க்கிற நேரம் குடுப்பாளா?”

நூஹு சிரிப்பை அடக்கிக்கொண்டு வலைக்குத் திரும்பினான். “நம்மட குட்டிக்கும் வயிறு நல்லா உருண்டுதான் கிடக்கு.”

“வயிறு இருக்கு. முதுகைத் தடவிப் பாருங்க, எலும்பு குத்துது.”

மறுநாள் கமீலா மேய்க்கப் போனதும், ரிஃப்கா அவளுடைய கொட்டிலுக்குப் பின்னால் நுழைந்து ஆட்டுப் புழுக்கையைப் பொறுக்கினாள். வெற்று யோகட் கோப்பையில் போட்டு மூடி, கால்நடைக் காரியாலய அலுவலர் கிளைட்டனின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

“இதைச் சோதிங்க சேர். விடிய என்ட குட்டி மேய்ஞ்ச மிச்சத்தைப் பத்து மணிக்குத் திண்டு இப்படி நிறை ஏறுமா? உள்ள புண்ணாக்கு இருக்கும். அவள்ட பேரை வெட்டி விடுங்க.”

கிளைட்டன் கோப்பையைத் திறந்து பார்த்தார். “ஒத்துப் பார்க்க உங்கட குட்டிகள்ட புழுக்கையும் வேணுமே.”

“தாராளமா! ஒளிக்க எனக்கு ஒண்டுமில்ல.”

ஐந்தாம் நாள் கிளைட்டன் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் கமீலா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று ரிஃப்கா குரலை உயர்த்தினாள். “பிடிபட்டதா சேர்?”

“ஓம், பிடிபட்டது. கமீலாட குட்டிகள் புல்லைத் தவிர வேறொண்டும் தின்னல்ல. திண்டதை நல்லாச் செரிச்சும் இருக்கு. உங்கட குட்டிகளுக்குத்தான் குடல் முழுக்கப் புழு. உடம்பில ஒட்ட வேண்டியதைப் புழு எடுத்துக்கொள்ளுது. வயிறு ஊதினதும் அதாலதான். மருந்து கொண்டு வந்திருக்கிறேன்.”

ரிஃப்கா விடவில்லை. “அப்ப அவள்ட குட்டிக்கும் புழு இருக்கணுமே! ஒரே புல்லுத்தானே சேர்?”

“புல்லு ஒண்டுதான், நேரம் வேற. பனி ஈரம் இருக்கிறவரைக்கும் அந்தப் புழுக்குஞ்சுகள் புல்லு நுனியில ஏறி நிக்கும். வெயில் பட்டா மண்ணுக்கு இறங்கிடும்.”

வேலிக்கு அப்பால் உடுப்பு உதறும் சத்தம் நின்றது.

கிளைட்டன் மருந்துப் போத்தலை அவள் கையில் கொடுத்தார். “மூணு மாசமா ஒரு நாளும் தவறாம முன்னால போய், நுனிப் புழுவையெல்லாம் திண்டு, கமீலாட குட்டிகளுக்குப் புல்லைச் சுத்தமாக்கிக் குடுத்தது உங்கட குட்டிகள்தான்.”